முப்பத்தாறு அங்குலக் கதவு

மூக்குக் கண்ணாடிக் கடையின் முன்பக்கம் பளபளவென்று இருக்கும். அவள் வேலை பார்த்தது பின்பக்கத்தில். ஜன்னல் இல்லாத சின்ன அறை, தண்ணீர் சொட்டிக்கொண்டே ஓடும், கண்ணாடியின் ஓரத்தைத் தேய்க்கும் இயந்திரம், ஒரு மேஜை விளக்கு. டாக்டர் எழுதிக் கொடுத்த பவருக்குத் தகுந்த வட்டக் கண்ணாடி வரும். அதன் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து மையால் குறித்து, ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, பொருத்தி, துடைத்து அனுப்ப வேண்டும். நடுப்புள்ளி இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும். பத்தொன்பது வருடத்தில் அவள் கையிலிருந்து போன கண்ணாடி திரும்பி வந்தது மூன்றே முறை. தெருவில் எல்லோருக்கும் அவள் கண்ணாடியம்மா.

கணவர் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டி ஒரு சைக்கிள்காரரைக்கூட உரசாத மனிதர், வீட்டில் டியூப் லைட் மாற்றப் போய் ஸ்டூலிலிருந்து விழுந்தார். முதுகு மேஜை விளிம்பில் பட்டது. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. "பிரேக் பிடிக்காத ஸ்டூல்" என்று ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடம் முதல் வாரம் சொல்லிச் சிரித்தார். அப்புறம் அதையும் சொல்வதில்லை.

அவர்கள் குடியிருந்தது பஸ் டிப்போவின் பின்வாசலுக்கு எதிரே, தரைத்தளத்தில். வேலைக்கு நடந்தே போகலாம் என்று பார்த்துப் பிடித்த வீடு. இப்போது அதுவே தொல்லையாகிவிட்டது. முன்னறை ஜன்னலைத் திறந்தால் வண்டிகள் வரிசையாக நிற்பது தெரியும். டிரைவர் அந்தத் திரையை இழுத்து மூடச் சொன்னார். ஏழு வருடமாக அது மூடியே கிடந்தது. சத்தத்தை மட்டும் மூட முடியவில்லை.

கண்ணாடியம்மா வீட்டைத் தன் தொழில்போலவே அளந்து மாற்றினாள். வாசலில் சிமெண்ட் சரிவு, குளியலறையில் பிடிமானக் கம்பிகள், படுக்கையறைக் கதவைக் கழற்றிவிட்டு ஒரு துணி. காலையில் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றி, குளிக்க வைத்து, முதுகில் புண் ஏதும் வருகிறதா என்று பார்த்து, சாப்பாட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு எட்டே முக்காலுக்குக் கிளம்புவாள். மதியம் ஓட்டமும் நடையுமாக வந்து போவாள். சாயங்காலம் மறுபடி எல்லாம். ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் வெளியூரில் தங்கியதில்லை.

போகப் பார்க்கவில்லை என்றில்லை. ஒருமுறை, நாத்தனார் மகளின் கல்யாணத்துக்கு முன்கூட்டியே போன் செய்து மண்டபத்தில் கேட்டார்கள். "வீல்சேர் வசதி உண்டு மேடம், ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றார்கள். போய்ப் பார்த்தால் வாசலில் ஆறு படி.

"ஆறே ஆறு படிதான சார், ஆளுங்க தூக்கிடுவாங்க" என்றார் மேனேஜர்.

நான்கு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். ஒருவர் கை வழுக்கி நாற்காலி சாய்ந்தது. விழவில்லை, ஆனால் வாசலில் நின்ற நூறு பேரும் "ஐயோ" என்றார்கள். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போனார், குனிந்துகொண்டே வெளியே வந்தார். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "இனிமே என்னை எங்கேயும் கூப்பிடாத. மூட்டை மாதிரி தூக்கிட்டு போறதுக்கு நான் வரமாட்டேன்."

உண்மையாகவே வசதி உள்ள தங்கும் விடுதிகளும் இருந்தன. அங்கே நான்கு நாள் தங்க அவளுடைய ஒரு மாதச் சம்பளம் போதாது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள்தான் அந்தக் குழுவைப் பற்றிச் சொன்னாள். ஒருவர் வீட்டில் மற்றவர் போய்த் தங்குவது. வாடகை கிடையாது, வீட்டுக்கு வீடு. அதிலும் இது வீட்டில் சக்கர நாற்காலி உள்ளவர்களுக்கென்றே யாரோ தொடங்கிய குழு. அவர்கள் வீட்டில் ஏற்கெனவே சரிவு இருக்கும், கம்பி இருக்கும், அகலக் கதவு இருக்கும்.

டிரைவருக்குப் பிடிக்கவில்லை. "யாரோ வந்து நம்ம கட்டில்ல படுப்பாங்களா? நம்ம டம்ளர்ல குடிப்பாங்களா?"

"நாமளும் அவங்க டம்ளர்லதான குடிக்கப் போறோம்."

"டிப்போ பின்னால இருக்கற இந்த வீட்டுக்கு எந்த மடையன் லீவுக்கு வருவான்?"

ஆனாலும் அவள் குழுவில் எழுதிப் போட்டாள். வாசல் சரிவின் நீளம், குளியலறைக் கதவின் அகலம், கம்பி தரையிலிருந்து எத்தனை அங்குலம், கட்டிலின் உயரம் எல்லாம் அளந்து எழுதினாள். மற்றவர்கள் மலை தெரியும், ஏரி தெரியும் என்று எழுதியிருந்தார்கள். அவள் ஜன்னலைப் பற்றி ஒரே வரிதான் எழுதினாள்: "எதிரே பஸ் டிப்போ. சத்தம் இருக்கும்."

பத்தாவது நாள் பதில் வந்தது. எழுதியவர் கடலோர ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகாதவர். தம்பியோடு இருக்கிறார். தம்பி கட்டட வரைபடம் போடுகிறவர்; இளம் வயதிலிருந்தே சக்கர நாற்காலி. "எங்கள் வீட்டுக் கதவெல்லாம் முப்பத்தாறு அங்குலம். உங்கள் நாற்காலியின் அகலம் என்ன? திரும்புவதற்கு எவ்வளவு இடம் தேவை?" என்று கேட்டிருந்தது. கடைசியில் இப்படி: "முப்பது வருடமாகக் கடலைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. உங்கள் ஜன்னலிலிருந்து பஸ்கள் உள்ளே போவதும் வெளியே வருவதும் தெரியுமா?"

கண்ணாடியம்மா அதைச் சத்தமாகப் படித்தாள். டிரைவர் அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார். "கடல் அலுத்துப்போச்சாம், பஸ் பாக்கணுமாம். இந்த மாதிரி ஆளும் இருக்காங்களா!"

ஐந்து மாதம் கடிதம் போய் வந்தது. முக்கால்வாசி அங்குலக் கணக்கு. அடுப்பு மேடை எவ்வளவு உயரம் என்று அங்கிருந்து கேள்வி வரும். அவள் டேப் வைத்து அளந்து எழுதுவாள். டிரைவரும் மெல்ல மெல்ல, "என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். தேதி குறித்தார்கள். பத்து நாள். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது கடிதங்கள் நின்றன. பிறகு கடைசியாக ஒன்று வந்தது, மூன்றே வரி. சாவி பக்கத்து மளிகைக் கடையில் இருக்கும், எல்லாம் தயாராக இருக்கிறது, "குறித்த தேதியில் வருகிறேன்" என்று இருந்தது. அதுவரை எல்லாக் கடிதத்திலும் "வருகிறோம்" என்று இருந்ததைக் கண்ணாடியம்மா அப்போது கவனிக்கவில்லை. மில்லிமீட்டர் தவறாத கண்ணுக்கு அது தப்பிவிட்டது.

தங்கள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறினார்கள். வழியெல்லாம் டிரைவர் வாய் திறக்கவில்லை. வீட்டு வாசலில் ஆறு படி இருந்தால் என்ன செய்வது என்றுதான் யோசித்திருப்பார். அவளும் அதையேதான் யோசித்தாள்.

படி இல்லை. தெருவிலிருந்து வீட்டுக்குள் தரை ஒரே சீராகப் போனது, எங்கே சரிவு தொடங்கியது என்றே தெரியாதபடி. டிரைவர் தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவு இடிக்கவில்லை. முன்னறை, படுக்கையறை, குளியலறை என்று ஒவ்வொன்றாகப் போய் வந்தார். ஸ்விட்சுகள் இடுப்பு உயரத்தில் இருந்தன. ஜன்னல் கொக்கியிலிருந்து கைக்கெட்டும்படி ஒரு கயிறு தொங்கியது. கட்டிலுக்கு மேலே கூரையில் ஒரு பிடி. அதைப் பிடித்து உடம்பைத் தூக்கி நாற்காலிக்கு மாறிக்கொள்ளலாம். சமையலறை மேடை தாழ்வாக, அடியில் கால் நுழைய வெற்றிடத்தோடு இருந்தது.

"இந்த வீட்ட போட்டவன் உக்காந்துக்கிட்டே போட்டிருக்கான்" என்றார்.

முதல் இரண்டு நாளும் அவள் பழக்கப்படியே எழுந்து எல்லாம் செய்தாள். மூன்றாம் நாள் விடிந்து விழித்தபோது பக்கத்தில் அவர் இல்லை. பதறி எழுந்தாள். கூரைப் பிடி ஆடிக்கொண்டிருந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம்.

"வராத, அங்கயே இரு" என்றார் டிரைவர்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். ஏதோ கீழே விழுந்தது. "ஒண்ணுமில்ல, கரண்டி" என்று குரல் வந்தது. மடியில் ஒரு பலகையை வைத்து, அதில் இரண்டு டம்ளரைச் சிந்தாமல் கொண்டுவந்தார். ஏழு வருடத்தில் அவள் போடாமல் அவள் குடித்த முதல் டீ. சர்க்கரை மூன்று மடங்கு இருந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"பொய் சொல்லாத. உன் மூஞ்சியே சொல்லுது."

அவள் முழுவதையும் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்த பிறகு கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதாள். அவர் டம்ளர்களைப் பலகையில் எடுத்து வைத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினார்.

அன்று முதல் அவர் தனியாக வெளியே போக ஆரம்பித்தார். வீட்டிலிருந்து கடற்கரைச் சுவர் வரை வழுவழுப்பான நடைபாதை. ஐந்தாம் நாள் போனவர் இரண்டு மணி நேரமாகியும் திரும்பவில்லை. போனும் எடுக்கவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அவள் தேடி ஓடினாள்.

படகு பழுதுபார்க்கும் கொட்டகை வாசலில் நாற்காலி நின்றது. கவிழ்த்துப் போட்ட படகுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் கையில் ஒரு துணியை வைத்துக்கொண்டு, துடைக்காமல், சும்மா பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, போன் எடுக்கக் கூடாதா? உயிரே போயிடுச்சு எனக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "டீச்சரோட தம்பி இல்ல."

"இல்லன்னா?"

படகுக்காரர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். "நீங்க தெரிஞ்சுதான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்கா. இருந்த வரைக்கும் தினமும் காலைல இங்கதான் வருவாரு. எனக்கே ரெண்டு படகு வரைஞ்சு கொடுத்திருக்காரு. இப்ப அவரு போய் ஒரு மாசம் ஆச்சு. காய்ச்சல்னு படுத்தாரு, கிட்னில இறங்கிடுச்சு. நாலே நாள்."

இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். உள்ளே போனதும் அந்த வீடே வேறு மாதிரி தெரிந்தது. டீச்சரின் தம்பி தொட்ட கயிறு, அவர் பிடித்த பிடி. "ஒரு மாசம்தான் ஆச்சு. அந்த அம்மா எப்படி நம்மள உள்ள விட்டாங்க?" என்றார் டிரைவர். "போன் போடு."

மணி ரொம்ப நேரம் அடித்த பிறகு டீச்சர் எடுத்தார். கண்ணாடியம்மா எப்படித் தொடங்குவது என்று திணறினாள். "டீச்சர், இப்பத்தான் தெரிஞ்சது. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அந்தப் பக்கம் பஸ் சத்தம் கேட்டது.

"சொன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்கம்மா" என்றார் டீச்சர். "என் பேர்ல அந்த லெட்டர் எல்லாம் எழுதினது அவன்தான். நான் எழுதறேன்னு நெனச்சிருப்பீங்க. எனக்கு அங்குலமும் தெரியாது அடியும் தெரியாது. கடைசி லெட்டர் மட்டும்தான் என்னோடது. ஆஸ்பத்திரில கூட கேட்டான், 'டிரைவர் வீட்டுக்கு டிக்கெட் போட்டாச்சா'ன்னு. அஞ்சு மாசமா அவன் வேற எதையும் பேசல. எப்படி வேணாம்னு எழுதுவேன்?"

"நீங்க தனியா அங்க என்ன பண்றீங்க டீச்சர்?"

"பஸ்ஸைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். திரை மூடியிருந்தது, திறந்துட்டேன். கோவிச்சுக்காதீங்க. அவன் பாக்கணும்னு சொன்னது இதைத்தான? எனக்கு ஒண்ணும் புரியல. எல்லா வண்டியும் ஒரே மாதிரி இருக்கு."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. டிரைவர் கையை நீட்டி அதை வாங்கினார்.

"டீச்சர், நான் டிரைவர் பேசறேன். இப்ப மணி என்ன, நாலேகாலா? வாசலுக்கு இடது பக்கம் பாருங்க. நீட்டு வண்டி ஒண்ணு, முன்னால கண்ணாடில ஒரு பட்டை ஒட்டியிருக்கும்."

"ஆமா. இருக்கு."

"அது நாலரைக்கு எடுப்பாங்க. அது நேரா வெளிய வர முடியாது. வளைவு பத்தாது. ரிவர்ஸ்லதான் வரணும். பின்னாடி ஒரு ஆள் நின்னு தட்டுவாரு. ரெண்டு தட்டுன்னா வரலாம், ஒண்ணுன்னா நில்லு. அந்த வளைவுல சுவருக்கும் வண்டிக்கும் ஒரு சாண்தான் இருக்கும். புது டிரைவருங்கெல்லாம் அங்கதான் வேர்த்துப் போவாங்க. பாருங்க, பாத்துட்டே இருங்க."

பதினைந்து நிமிடம் இருவரும் அந்த வண்டிக்காகக் காத்திருந்தார்கள். டீச்சர் பார்ப்பதைச் சொல்லச் சொல்ல, டிரைவர் அடுத்து என்ன நடக்கும் என்று சொன்னார். "தட்டிட்டாரு. ரெண்டு" என்றார் டீச்சர். "இப்ப ஸ்டியரிங்க ஒடிப்பாரு" என்றார் டிரைவர், தன் கையே தன்னையறியாமல் வளைய. வண்டி வெளியே வந்துவிட்டது என்று டீச்சர் சொன்னபோது அவருடைய குரல் உடைந்தது. "என் தம்பி இதைப் பாத்திருந்தா ஒரு பேப்பர்ல வரைஞ்சிருப்பான்" என்றார்.

மறுநாளிலிருந்து தினமும் நாலேகாலுக்கு அவர்கள் பேசினார்கள். கண்ணாடியம்மா அந்த நேரத்தில் கடற்கரைச் சுவர் வரை நடந்துவிட்டு வந்தாள். ஏழு வருடமாகத் தன்னிடம் வண்டி என்ற சொல்லைக்கூடச் சொல்லாத மனிதர், முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் அரை மணி நேரம் பேசுவது முதலில் அவளுக்குக் கொஞ்சம் குத்தியது. பிறகு யோசித்துப் பார்த்தாள். தன்னிடம் பேசினால் அவர் பழைய டிரைவராக நிற்க வேண்டியிருக்கும். டீச்சருக்கு அந்தப் பழைய ஆளைத் தெரியாது. அதனால் சுலபம்.

பத்தாம் நாள் சாவி மாற்றிக்கொண்டு போய்விடுவதுதான் முறை. டீச்சரைக் கூடுதலாக ஒரு நாள் இருக்கச் சொன்னார்கள். ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். மெலிந்த, உயரமான பெண்மணி. டிரைவரைப் பார்த்ததும் முகத்தைப் பார்க்கவில்லை, நாற்காலியைத்தான் பார்த்தார். பிறகு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். அந்த ஒதுங்கலிலேயே இருபது முப்பது வருடப் பழக்கம் தெரிந்தது.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு சுருள் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். "உங்க சமையலறைய அளந்து அனுப்பினீங்கல்ல. எதுக்குக் கேட்டான்னு தெரியுமா? இதுக்குத்தான்." பென்சிலில் அவர்களுடைய சமையலறை. மேடையைத் தாழ்த்தி, அடியில் கால் நுழைய இடம் விட்டு, அடுப்பை ஜன்னல் பக்கம் நகர்த்தி வரைந்திருந்தார் தம்பி. மூலையில் சின்ன எழுத்தில், "டிரைவர் ஒத்துக்கொண்டால்" என்று இருந்தது.

வீட்டின் சொந்தக்காரர் மேடையை இடிக்க ஒத்துக்கொள்ளவில்லை. தச்சரிடம் படத்தைக் காட்டி, அதே அளவில் சக்கரம் வைத்த தாழ்வான மேஜை செய்து வாங்கினார்கள். அது போதுமானதாக இருந்தது.

அடுத்த வருடம் வேறொரு ஊரில் வேறொருவர் வீட்டுக்குப் போனார்கள். அங்கே குளியலறைக் கதவு சொன்னதைவிட இரண்டு அங்குலம் குறைவு. மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டார்கள். டிரைவர் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். பேசாமல் போன பழைய பயணத்தைவிட அது மேல் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் அவரே குழுவில் எழுதினார்: கதவை அளக்கும்போது சட்டத்தின் உள்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும், வெளியிலிருந்து அல்ல. புதிதாகச் சேருகிறவர்களின் அளவுகளைச் சரிபார்க்கும் வேலை அதற்குப் பிறகு அவர் தலையில் விழுந்தது.

அந்த வருடக் கடைசியில் டீச்சர் போன் செய்தார். "அவன் அலமாரிய இன்னும் நான் திறக்கல. யாராவது கூட இருந்தா திறந்துடுவேன். உங்களத் தவிர கேக்கறதுக்கு எனக்கு ஆள் இல்ல."

கண்ணாடியம்மா கணவரைப் பார்த்தாள்.

"போயிட்டு வா" என்றார் டிரைவர். "தையக்காரர் காலைலயும் சாயங்காலமும் எட்டிப் பாப்பாரு. நாலு நாள்தான? நான் ஒண்ணும் கரைஞ்சு போயிட மாட்டேன்."

அவள் போனாள். இரண்டு பெண்களும் நான்கு நாள் அந்த அலமாரியைக் காலி செய்தார்கள். சட்டைகளை மடித்தார்கள். அடி தேயாத, புதுசு போலவே இருந்த எட்டு ஜோடி செருப்புகளை வரிசையாக வைத்துவிட்டு, இரண்டு பேரும் அவற்றைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்கள். வரைபடச் சுருள்களைப் படகுக்காரர் வந்து எடுத்துப் போனார். தம்பியின் நாற்காலியை எங்கே கொடுப்பது என்று டீச்சரால் முடிவு செய்ய முடியவில்லை. "இருக்கட்டும். இன்னொரு தடவை பாத்துக்கலாம்" என்றாள் கண்ணாடியம்மா.

திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கவனித்துக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை, எழுந்து செய்ய வேண்டிய வேலையும் இல்லை. உட்கார்ந்த பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். இறங்க வேண்டிய ஊர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அடுத்த நிலையத்தில் டிக்கெட் பரிசோதகர் தோளைத் தட்டி எழுப்பினார். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, எதிர்ப்புற வண்டிக்காக நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். பரவாயில்லை என்று சொன்னாள்.